கோணிய அறையும் கொடிமலை ரயிலும்

ஓடும்போது ஒடுங்கியிருக்க வேண்டும்; நின்றபின் விரிய வேண்டும். வீட்டைச் சுமந்து செல்லும் மோட்டார்ஹோம் வண்டிகளின் இக்கட்டு இது. சாலை விதிகள் அவற்றைச் சுமார் இரண்டரை மீட்டர் அகலத்துக்குள் கட்டிப்போடுகின்றன. அந்த அகலத்தில் ஒரு குடும்பம் தோளோடு தோள் உரசாமல் இருக்க முடியாது. இதற்குக் கண்ட விடைதான் நீளும் அறை. வண்டியின் பக்கச் சுவரில் பெரிய செவ்வகத் திறப்பு இருக்கும். தரை, கூரை, மூன்று சுவர்கள், உள்ளே சோஃபா, கட்டில் எல்லாம் கொண்ட ஒரு பெட்டி அந்தத் திறப்பில் செருகி நிற்கும். பொத்தானை அழுத்தினால் பெட்டி முக்கால் மீட்டரோ ஒரு மீட்டரோ வெளியே வரும், கூடம் அகலமாகிவிடும். 1990இல் அமெரிக்காவின் நியூமார் நிறுவனம் இதை அறிமுகப்படுத்திய பிறகு உலகெங்கும் பரவியது. நம் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவன்கள் சிலவற்றிலும் இப்படி அறை உண்டு.

அப்படி ஒரு வண்டி பாலத்தைக் கடந்து மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வருகிறது, பத்து ஃபெரிங்கி கடற்கரையோரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்துகிறார்கள். அறை நகர்கிறது. பாதி தூரம் வந்ததும் முன்பக்கம் நிற்கிறது. பின்பக்கம் மட்டும் இன்னும் இரண்டு விரற்கடை போகிறது. மோட்டார் முனகுகிறது. மறுபடி அழுத்துகிறார்கள், முனகல்தான் கூடுகிறது, அறை அசையவில்லை. இறங்கிப் பார்த்தால் சுவருக்கும் அறைக்கும் நடுவே ஒரு முனையில் கை நுழையும் இடைவெளி, மறுமுனையில் ரப்பர் நசுங்கிக் கிடக்கிறது.

இந்தக் கோணலுக்கு உள்ளே ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் அடுத்து என்ன செய்யலாம், எதை ஒருபோதும் செய்யக்கூடாது என்பதெல்லாம் தானாகவே தெளிந்துவிடும். அதை விளக்கப் பினாங்கைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. இதே சிக்கலை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு பொறியாளர்கள், வெவ்வேறு வழியில் தீர்த்த இயந்திரங்கள் அந்த ஒரே ஊரின் மலையிலும் துறைமுகத்திலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முதலில் சிக்கலைப் பார்ப்போம். அகலமான பழைய மேசை இழுப்பறையை ஒரே ஒரு கைப்பிடியைப் பிடித்து, அதுவும் ஓரத்துக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் வரும், பிறகு இறுகிக்கொள்ளும். பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஓங்கி இழுப்போம். வராது. பலம் எவ்வளவு இருந்தாலும் வராது என்பதுதான் இங்கே வியப்பு.

காரணம் இது. நடுவில் இழுக்காமல் ஓரத்தில் இழுக்கும்போது பெட்டி முன்னே நகர்வதோடு திரும்பவும் பார்க்கிறது. அப்படித் திரும்பவிடாமல் தடுப்பவை பக்கத் தடங்கள். ஒரு தடத்தின் முன் நுனியிலும் எதிர்த் தடத்தின் பின் நுனியிலும் பெட்டி அழுந்துகிறது. அழுந்தும் இடத்தில் உராய்வு பிறக்கிறது. 1699இல் பிரெஞ்சு அறிவியலர் கியோம் அமோந்தோன் சொன்ன விதிப்படி, உராய்வு அழுத்தத்துக்கு நேர்விகிதம். ஆகவே இரண்டு மடங்கு விசையோடு இழுத்தால் இரண்டு மடங்கு அழுத்தம், அதனால் இரண்டு மடங்கு உராய்வு. இழுக்கும் விசையும் தடுக்கும் விசையும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகவே ஏறுகின்றன. ஒன்று மற்றதை ஒருபோதும் முந்தாது. ஆப்பு இறங்கிவிட்டது என்று தச்சர் சொல்வது இதைத்தான்.

எப்போது இறங்கும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இழுக்கிறோமோ அந்தத் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டால் பெருக்கி, உராய்வுக் குணகத்தாலும் பெருக்குங்கள். விடை, தடத்துக்குள் பெட்டி பிடிபட்டிருக்கும் நீளத்தைவிட அதிகமானால் பெட்டி இறுகும், குறைவானால் நகரும். அவ்வளவுதான். இந்தக் கணக்கில் இழுக்கும் விசை எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வடிவமும் வழுவழுப்பும் மட்டும்தான் வருகின்றன.

நம் அறைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். அறையின் அகலம் 4 மீட்டர். இரு முனையிலும் ஒவ்வொரு மோட்டார். ஒன்று நின்றுவிட்டால் மற்றது நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்று தனியாகத் தள்ளுகிறது. அழுக்கேறிய தடத்துக்கு உராய்வுக் குணகம் 0.2 என்று கொண்டால், 2 பெருக்கல் 2 பெருக்கல் 0.2, விடை 0.8 மீட்டர். தடத்துக்குள் பிடிபட்டிருக்கும் நீளம் அரை மீட்டரோ 60 சென்டிமீட்டரோதான். ஆகவே இறுகும். உருளைகள் நன்றாக உருண்டு குணகம் 0.02 ஆக இருந்தால் விடை 8 சென்டிமீட்டர். ஒற்றை மோட்டாரிலேயே தடுமாறித் தடுமாறியாவது நகரும். அறை வெளியே வர வரப் பிடிபட்ட நீளம் குறையும் அமைப்புகளில் ஆபத்து கடைசிக் கால்வாசித் தூரத்தில்தான் அதிகம். முதலில் சுகமாக வந்துவிட்டு இறுதியில் மாட்டிக்கொள்ளும் அறைகளின் கதை இது.

ஒரு பக்கம் நிற்க மறுபக்கம் நகர்வதை நம் முன்னோர் தேரைத் திருப்ப வேண்டுமென்றே செய்து பயன்கொண்டிருக்கிறார்கள். பினாங்கில் தைப்பூசத்துக்கு முதல் நாள், பினாங்கு தெருவின் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். 1894இல் காரைக்குடியில் செய்து கடல் கடந்து வந்த ரதம் அது. அதைவிடப் பன்மடங்கு பெரிய திருவாரூர் ஆழித்தேருக்கு வருவோம். அதன் அச்சு திரும்பாது. தெருமுனையில் அதைத் திருப்புவது முட்டுக்கட்டை. ஒரு பக்கச் சக்கரத்தின் முன் கட்டையைப் போட்டால் அந்தப் பக்கம் தயங்கும், வடம் இழுக்கும் விசையில் மறுபக்கம் முன்னேறும், தேர் திரும்பும். திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களின் தேவை போகவில்லை. தேருக்கு எது திருப்பமோ, செவ்வகத் திறப்புக்குள் அடைபட்ட அறைக்கு அதுவே நோய். தேர் திரும்ப வீதி இருக்கிறது. அறைக்குத் திரும்ப இடமில்லை.

எவ்வளவு இடமில்லை? 4 மீட்டர் அகல அறையின் ஒரு முனை 4 சென்டிமீட்டர் பின்தங்கினால் கோணல் அரை டிகிரியைவிடச் சற்று அதிகம். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் முக்கால் மீட்டர் ஆழமுள்ள பெட்டி அந்தக் கோணத்தில் திரும்பினால் தன் அகலத்தைவிட 7 மில்லிமீட்டர் கூடுதல் இடம் கேட்கும். பக்கத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் விட்டிருப்பார்கள். அதிலும் ரப்பர் பட்டை உட்கார்ந்திருக்கும். கண் கண்டுகொள்ளாத கோணல் சுவரைக் கிழிக்கப் போதுமானது. அதனால்தான் இந்த வேலையில் கண்ணை நம்பாமல் அளவுநாடாவை நம்ப வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

அளப்பது எப்படி? முதல் வேலை வண்டியை மட்டமாக நிறுத்துவது. ஒரு சக்கரம் மணலில் புதைந்திருந்தால் வண்டியின் சட்டமே முறுக்கிக்கொள்ளும்; செவ்வகமாக இருந்த திறப்பு இணைகரம் ஆகிவிடும். அதில் அறை சிக்கினால் குற்றம் அறையுடையது அல்ல. ரசமட்டத்தைத் தரையில் நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். பிறகு திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 4 மீட்டருக்கு 1.8 மீட்டர் திறப்பின் மேல்விளிம்பு வெறும் 10 மில்லிமீட்டர் ஒருபக்கம் நகர்ந்தால், மூலைவிட்டங்கள் இரண்டுக்கும் 18 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ஒன்று நீள்கிறது, மற்றது குறுகுகிறது. பிழை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருகிக் கண்முன் நிற்கிறது. நிலைக்கதவு வைக்கும் ஆசாரி மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

வண்டி மட்டம், திறப்பும் சரி என்றால் அடுத்தது நான்கு மூலைகள். அறையின் விளிம்புக்கும் வண்டிச் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேல்-முன், கீழ்-முன், மேல்-பின், கீழ்-பின் என்று நான்கு இடத்தில் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். நோய் இன்னதென்று இந்த நான்கு எண்களே சொல்லிவிடும். முன்பக்கம் இரண்டும் 12 மில்லிமீட்டர், பின்பக்கம் இரண்டும் 3 என்றால் இரு முனைகளும் ஒத்து நகரவில்லை. மோட்டார், பல்சக்கரம், இணைப்புத் தண்டு, இவற்றில் தேட வேண்டும். மேலே இரண்டும் 10, கீழே இரண்டும் 2 என்றால் ஓட்டத்தில் குறையில்லை. அறை முகம் கவிழ்ந்திருக்கிறது, தாங்கும் உருளையின் உயரத்தைத் திருத்த வேண்டும். எதிரெதிர் மூலைகள் இரண்டு மட்டும் பெரிதாக இருந்தால் பெட்டியோ வண்டியோ முறுக்கிக் கிடக்கிறது. மூன்றுக்கும் வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றே, மருந்து வெவ்வேறு. அளக்காமல் திருகை முறுக்குகிறவர்கள் ஒரு நோயைத் தீர்க்கப்போய் இன்னொன்றை வரவழைத்துவிடுகிறார்கள். பிறகு எந்தத் திருகு முதலில் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

இரு முனைகளும் ஏன் ஒத்து நகரவில்லை என்ற கேள்விக்குப் போகுமுன் பட்டர்வொர்த் பக்கம் ஒரு பார்வை. ஜார்ஜ் டவுனிலிருந்து ஃபெரியில் கடக்கும்போது அக்கரையில் கொள்கலன் முனையத்தின் உயரமான பாரந்தூக்கிகள் தெரியும். இந்த வகை ராட்சதங்களுக்குக் கடல் பக்கம் ஒரு தண்டவாளம், கரைப் பக்கம் ஒரு தண்டவாளம். இரண்டுக்கும் நடுவே 30 மீட்டர் அளவில் தூரம் இருப்பது வழக்கம். இரு பக்கக் கால்களுக்கும் தனித்தனி மோட்டார்கள். ஒரு பக்கம் காற்று பலமாக மோதினாலோ, ஒரு பக்கத் தண்டவாளத்தில் எண்ணெய் சிந்தினாலோ அந்தக் கால் பின்தங்கும். முழுத் தூக்கியும் கோணும். சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரசும். நம் அறைக்கு வந்த அதே நோய், பல நூறு டன் எடையில்.

அகலமான தூக்கிகளை வடிவமைப்பவர்கள் கையாளும் நடைமுறை விதி ஒன்று உண்டு: தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் ஏழில் ஒரு பங்குக்குக் குறையாமல் சக்கர இடைத்தூரம் இருக்க வேண்டும். இழுப்பறைக் கணக்கேதான் இது, வேறு உடையில் வருகிறது. இரண்டாவது தந்திரம் இன்னும் நுட்பமானது. பக்கவாட்டில் பிடித்து வழிகாட்டும் உருளைகளை ஒரே ஒரு தண்டவாளத்தில் மட்டும் வைப்பார்கள். மறுபக்கச் சக்கரங்கள் எடையைத் தாங்கும், வழியைப் பற்றிக் கவலைப்படாது.

ஒரு பக்கம் வழிகாட்ட, மறுபக்கம் சும்மா உருள. இந்தக் கருத்தின் மிக அழகான வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் பினாங்கின் ஆயர் ஈத்தாமுக்குப் போய்க் கொடிமலை ரயிலில் ஏற வேண்டும்.

கொடிமலைக்கு ரயில் விட 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த முதல் முயற்சி தோற்றது. பிறகு அர்னால்டு ஜான்சன் என்ற ரயில்வே பொறியாளரின் திட்டப்படி கட்டிய பாதை 1923 அக்டோபரில் மக்களுக்குத் திறந்தது. அன்று அது இரண்டு கட்டமாக ஓடியது. இடை நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மேலே சேர அரை மணி நேரம் ஆகும். 2010இல் நிறுத்திப் புதுப்பித்து, 2011 முதல் அடியிலிருந்து உச்சிவரை சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தை ஒரே ஓட்டமாகப் பத்து நிமிடத்துக்குள் கடக்கிறது. ஒரு கம்பிவடத்தின் இரு முனையிலும் இரு பெட்டிகள். ஒன்று ஏற, ஒன்று இறங்கும். தடம் ஒன்றுதான். நடுவழியில் மட்டும் தடம் இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும்; பெட்டிகள் அங்கே ஒன்றையொன்று கடக்கும்.

தடம் பிரியும் இடத்தில் எந்தப் பெட்டி இடம் போக வேண்டும், எது வலம் போக வேண்டும் என்று சொல்வது யார்? சாதாரண ரயில் பாதையில் நகரும் நாக்குத் தண்டவாளம் அதைச் செய்யும். இங்கே நகரும் பாகம் எதுவுமே இல்லை. மந்திரம் சக்கரத்தில் இருக்கிறது. ஒரு பெட்டியின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இருபுறமும் விளிம்பு உண்டு. அவை இடப்பக்கத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு விடவே விடாது. அதே பெட்டியின் வலப்பக்கச் சக்கரங்களுக்கு விளிம்பே கிடையாது. அகலமான உருளைகளாக அவை தண்டவாளத்தின் மேல் சும்மா உருளும், இடைவெளி வந்தாலும் தாண்டிப் போகும். அடுத்த பெட்டிக்கு இது வலம் இடமாக மாறியிருக்கும். ஆகவே ஒன்று எப்போதும் இடக் கிளையிலும் மற்றது எப்போதும் வலக் கிளையிலும் தவறாமல் போகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கார்ல் ரோமன் ஆப்ட் இந்த வகைப் பிரிவை 1879இல் கீஸ்பாக் மலை ரயிலில் முதலில் கொண்டுவந்தார். பின்னர் மெருகேறி உலகின் மலைகளுக்கெல்லாம் போனது. அடுத்த முறை கொடிமலை ஏறுகிறவர்கள் நடுவழி வரும்போது முன் கண்ணாடி அருகே நின்று தண்டவாளத்தைப் பாருங்கள். வெளிப்பக்கத் தண்டவாளங்கள் இரண்டும் அறுபடாமல் தொடர்ந்து போகும். உட்பக்கத்தவை வடம் போக வழிவிட்டு அறுந்து அறுந்து கிடக்கும்.

இதன் பின்னுள்ள இயற்பியல் கொள்கையை 19ஆம் நூற்றாண்டில் மேக்ஸ்வெல்லும் கெல்வினும் வலியுறுத்தினார்கள். ஒரு திடப்பொருள் ஆறு விதமாக அசைய முடியும்: மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் திரும்பலாம். அதை ஒரே கோட்டில் ஓடவைக்க ஐந்தைத் தடுத்து ஒன்றை விட்டால் போதும். அடியில் மூன்று புள்ளியில் தாங்கல், ஒரே பக்கத்தில் இரண்டு புள்ளியில் வழிகாட்டி. தடுப்பு முடிந்தது. ஆறாவதாக ஓர் உந்து. அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொன்றும், ஏற்கெனவே முடிவான ஒன்றைப் பற்றி இன்னொரு கருத்துச் சொல்ல வருகிறது. இரண்டு கருத்தும் நூல் பிசகாமல் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் சண்டை, அந்தச் சண்டைதான் முனகலாகவும் உரசலாகவும் இறுகலாகவும் வெளிப்படுகிறது.

இந்தக் கண்ணோடு நீளும் அறையைப் பார்த்தால் அதன் பிறவிக் குறை விளங்கும். நகரும் திசையில் ஆழம் முக்கால் மீட்டர், குறுக்கே அகலம் 4 மீட்டர். ஓர் இழுப்பறைக்கு இதைவிட மோசமான விகிதம் அமைவது அரிது. இந்த வடிவத்தில் ஓர் உந்து போதாது. ஆப்புக் கணக்கு விடாது. ஆகவே இரண்டு உந்துகள் வேண்டும். இரண்டாவது உந்து வந்த கணமே கருத்து வேறுபாடும் வந்துவிடுகிறது. அதைத் தீர்க்க முக்கியமான இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

ஒன்று இரும்பு வழி. தரைக்கு அடியில் இரண்டு பற்சட்டங்கள். அவற்றின் பல்சக்கரங்களை ஒரு நீண்ட தண்டு இணைக்கும். ஒரே மோட்டார் அந்தத் தண்டைச் சுழற்றும். இரு முனைகளும் ஒன்றாகச் சுழன்றே தீர வேண்டும். இதில் கோணல் வந்தால் சந்தேகம் சில இடங்களோடு முடிந்துவிடும்: தண்டு இணையும் இடத்தில் அறுபடும்படியே வைத்த போல்ட் அறுந்திருக்கும், அல்லது பற்சட்டத்தில் ஒரு பல் தாவியிருக்கும். மோட்டார் சுழல்கிறது, ஒரு முனை மட்டும் நகர்கிறது என்றால் முதலில் அந்த போல்ட்டைப் பாருங்கள்.

மற்றது எண்ணும் வழி. இரு பக்கச் சுவரிலும் தனித்தனி மோட்டார். ஒவ்வொன்றின் தண்டிலும் சிறு காந்தம். அருகே ஹால் உணரி. மின்சாரம் பாயும் உலோகத் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று எட்வின் ஹால் கண்டுபிடித்ததும் அதே 1879இல்தான். காந்தம் சுற்றும் ஒவ்வொரு முறையும் உணரி ஒரு துடிப்பை அனுப்பும். கட்டுப்பாட்டுப் பலகை இரு பக்கத் துடிப்புகளையும் எண்ணி, முந்துகிறவனைத் தாமதப்படுத்தி, பிந்துகிறவனை விரட்டும். பாயான் லெப்பாஸில் இன்டெல் 1972இல் வந்ததிலிருந்து அரைக்கடத்தித் தொழில் பினாங்கின் சோறாகியிருக்கிறது; எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்தத் தொழிற்சாலைகளால் தலையெடுத்திருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கு உணரிகளின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உணரி எண்ணுவது மோட்டாரின் சுற்றுகளை; அறையின் நகர்வை அல்ல. மோட்டாருக்கும் அறைக்கும் நடுவே ஒரு பல் தாவிவிட்டால் எண்ணிக்கை இருபுறமும் ஒத்துப்போகும், அறை மட்டும் கோணி நிற்கும். பலகையைப் பொறுத்தவரை எல்லாம் சரி. அதன் பச்சை விளக்கை நம்பி அறையை இழுத்தால் மூலை பிளக்கும். நேர்மாறான நிலையும் உண்டு: அறை நேராக இருக்கும், உணரியின் ஒரு கம்பி விட்டுப்போயிருக்கும், துடிப்பு வராததால் மோட்டார் நின்றுவிட்டது என்று பலகை நினைத்து முழு ஓட்டத்தையும் நிறுத்திவிடும்.

கம்பி ஏன் விட்டுப்போகிறது? இங்கேதான் கடலோரம் தன் வேலையைக் காட்டும். உப்புக்காற்று செம்பு இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்கவைக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் இணைப்பிலும் அப்படிப் பத்தில் ஒரு ஓம் தடை சேர்ந்தது என்று கொள்ளுங்கள். 20 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் அந்த இணைப்பிலேயே சூடாகித் தொலைந்துவிடும். 12 வோல்ட் மோட்டாருக்குக் கிடைப்பது 10. இவ்வகை மோட்டாரின் வேகம் ஏறக்குறைய மின்னழுத்தத்தைப் பின்பற்றும். ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். திருத்துவார் யாருமில்லாவிட்டால் 75 சென்டிமீட்டர் ஓட்டத்தில் அந்தப் பக்கம் 12 சென்டிமீட்டர் பின்தங்கும். பலகை மற்ற மோட்டாரைத் தாமதப்படுத்திச் சமாளிக்கும். சமாளிக்க முடியாத நாளில் நிறுத்திவிடும். ஆகவே பலகையை மாற்றச் செலவழிக்குமுன், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரு முனைகளிலும் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். நின்றிருக்கும்போது அளந்தால் தெரியாது; மின்சாரம் பாய்ந்தால்தான் தடை தன்னைக் காட்டும். பல நேரங்களில் மருந்து உப்புத்தாளும் கொஞ்சம் கிரீஸும்தான்.

உப்பைவிட மெதுவாக, ஆனால் ஆழமாகத் தாக்குவது ஈரம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் தீவு இது. காற்றில் ஈரம் வற்றும் பருவமே கிடையாது. வறண்ட நாடுகளை நினைத்துச் செய்த அறைகளின் தரை ஒட்டுப்பலகை இங்கே ஓரத்தில் ஊறி உப்பும், பிறகு மட்கும். உருளை ஏறும் இடம் மெத்தையாகிவிட்டால் அந்த மூலை தாழும். நான்கு எண்களில் கீழ்-மூலை எண் மாதாமாதம் மாறும். வெயிலின் பங்கு சிறியது: 4 மீட்டர் அலுமினியம் 30 டிகிரி சூடேறினால் நீள்வது 3 மில்லிமீட்டருக்குள்தான். இருந்தாலும் இடைவெளியே 3 மில்லிமீட்டர் என்றால் உச்சி வெயிலில் சிக்கும் அறை மாலையில் தானே நகரும். அப்படிச் செய்தால் இடைவெளி போதவில்லை என்று அர்த்தம். மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம்.

வொர்க்‌ஷாப்களில் நடக்கும் ஒரு தவறு என்னை உண்மையாகவே வருத்துகிறது. அறை ஆடுகிறது என்று இருபுற வழிகாட்டிகளையும் தகடு கொடுத்து இறுக்கிவிடுகிறார்கள். அன்றைக்கு ஆட்டம் நின்றுவிடும். அடுத்த மழைக்கு அறையும் நின்றுவிடும். கொடிமலைப் பெட்டியின் சக்கரங்களை நினைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது: ஒரு பக்கத்தை மட்டும் நேர்த்தியாக இறுக்குங்கள், மறுபக்கத்துக்குச் சில மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள்.

எந்த வழி மேல் என்று கேட்டால், கடலோர வெப்ப நாடுகளுக்குத் தண்டு இணைத்த இரும்பு வழிதான் மேல் என்பேன். எடை கூடும், தரைக்கு அடியில் இடம் அடைக்கும். ஆனால் அதன் கோளாறு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், ஊர் வெல்டர் சரிசெய்துவிடுவார். எண்ணும் வழியில் மெல்லிய சுவரும் விசாலமான கூடமும் கிடைக்கும்; விலையாக உணரிக் கம்பிகளை உப்புக்காற்றிலிருந்து ஆண்டு முழுதும் காப்பாற்ற வேண்டும்.

ஏற்கெனவே எண்ணும் வகை வண்டி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது இது. அறை இறுகினால் பொத்தானிலிருந்து கையை எடுங்கள். எதிர்த்திசையில் சில சென்டிமீட்டர் ஓட்டுங்கள். ஆப்பு இறங்கிய திசைக்கு எதிர்த்திசையில்தான் அது கழலும். தடத்தைத் துடையுங்கள், தடை எதுவும் இல்லை என்று பாருங்கள். பிறகு முழுவதும் வெளியே ஓட்டி, இரு முனைகளும் கடைசித் தடுப்பில் முட்டி நிற்கும்வரை பொத்தானைச் சில விநாடிகள் பிடித்திருங்கள். இரு பக்க எண்ணிக்கையும் அங்கே ஒன்றாகித் தொடக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கும். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் பின்தங்கிய முனையில் தள்ளுங்கள். விசை நடுக்கோட்டை நோக்கி நகர்ந்து ஆப்புக் கணக்கு உங்கள் பக்கம் சாயும். முந்திய முனையில் தள்ளினால் இன்னும் இறுகும். யாரும் அறைக்கும் சுவருக்கும் நடுவே கையை வைக்கக்கூடாது. குழந்தைகள் வண்டிக்கு வெளியே, அறை நீளும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கட்டும்.

அறை நன்றாக ஓடும் ஒரு நாளில் நான்கு மூலை எண்களையும் அளந்து, தேதியோடு அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். கோளாறு வரும் நாளில் எந்த மெக்கானிக்குக்கும் அதைவிட நல்ல உதவி கிடைக்காது. நான்கு மூலையிலும் ரப்பர் பட்டை சமமாக ஒட்டி உட்கார்ந்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.